பக்கம் திருப்பும் சத்தம்

மார்ச் 3

அவசரக்காரிக்கு,

நான்கு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. ஐந்தாவது முறை உன் கணவர் எடுத்து, "அவ குளிச்சிட்டு இருக்கா" என்றார். மத்தியானம் மூன்று மணிக்கு. அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டபோதும் நீ குளித்துக்கொண்டுதான் இருந்தாய். உன் உடம்பில் அவ்வளவு அழுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதனால்தான் கடிதம். குளிக்கிறாள் என்று சொல்லி இதைத் திருப்பி அனுப்ப முடியாது.

நேராகக் கேட்டுவிடுகிறேன். நான் என்ன தப்பு செய்தேன்? அக்டோபரில், அந்தப் பழைய அச்சகக் கூடத்தில் நடந்த என் முதல் தனிக் கச்சேரிக்கு நீ வந்தாய். நம் வாத்தியக் குழுவின் முதல் வயலின்காரரையும் அழைத்து வந்தாய். உன்னைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போனது. பாதியில் நீ எழுந்து போய்விட்டாய். உன் நாற்காலி கிறீச்சிட்டதைக்கூட என் மைக் பிடித்துக்கொண்டது. அன்றோடு பேச்சு நின்றுபோனது.

பதினைந்து வருடம் ஒரே ஸ்டாண்டில், ஒரே இசைத்தாளைப் பார்த்து வாசித்தவர்கள் நாம். வெளி நாற்காலிக்காரி நிறுத்தாமல் வாசிக்க வேண்டும், உள் நாற்காலிக்காரி வில்லை மடியில் வைத்துவிட்டுப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது குழுவின் வழக்கம். நான் வாசித்தேன், நீ திருப்பினாய். கல்யாணம் செய்துகொண்டவர்கள்கூட இவ்வளவு மணி நேரம் ஒட்டி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதற்காவது ஒரு காரணம் சொல்லிவிட்டுக் கோபப்படலாம் இல்லையா?

குழுவை விட்டு வந்ததற்குக் கோபமா? அது நீ பார்க்க நடந்த கதைதானே. குழுவை நடத்தும் கோல்காரர் எண்பது பேர் முன்னால் கோலை என் பக்கம் நீட்டி, "அங்க ஒருத்தங்க தனியா கச்சேரி பண்றீங்க, சேர்ந்து வாசிங்க" என்று மூன்று ஒத்திகைகளில் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை நான் உன்னைப் பார்த்தேன். நீ தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் சத்தம் தனியாகக் கேட்பது குற்றமென்றால், அது குற்றமில்லாத இடத்துக்குப் போய்விடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இருபத்தெட்டு வருடம் தாளில் இருப்பதை வாசித்தாயிற்று.

இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சலவைக் கடையின் மாடியில் ஒரு அறை. கீழே ஆறு இயந்திரங்கள் ஓடுகின்றன. வந்த வாரம் சுருதி சேர்த்தால் சேரவே இல்லை. தந்தி மேல் தப்பில்லை. இயந்திரங்களின் ரீங்காரம் என் சுருதிக்கு மயிரிழை கீழே இருந்தது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் நானே இறங்கி வந்து, தந்தியைத் தளர்த்தி அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, வில்லை இழுத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று உரசி அறை முழுக்க அலையடித்தது. ஒரு மணி நேரம் ஒரே ஒரு சுரம். இத்தனை வருடத்தில் ஒரு சுரத்தை அவ்வளவு நேரம் நான் கேட்டதே இல்லை.

பிறகு சிநேகிதம் கிடைத்தது. தொழிலில் தச்சர் ஒருவர், மேளத்தை மரம் இழைப்பது போல் தேய்த்து வாசிப்பார். மூன்று பழைய ரேடியோக்களைத் திருகித் திருகியே வாசிக்கிற ஒருத்தி இருக்கிறாள். அவர்களோடு உட்கார்ந்த முதல் நாள், வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு யாராவது கை காட்டுவார்கள் என்று காத்திருந்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்தேன். முடிந்ததும் தச்சர், "இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். நிஜமாகத்தான் சொன்னாராம். கை காட்ட அங்கே யாரும் இல்லை என்பது எனக்கு உறைக்க ஒரு மாதம் பிடித்தது.

வாசித்ததைப் பிடித்துவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லும் பெட்டி ஒன்றும் வாங்கியிருக்கிறேன். என் அண்ணிக்கு இது எவ்வளவோ மேல். காலால் ஒரு மிதி மிதித்தால் நிறுத்திவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இயந்திரங்கள் நின்றுவிடும். அன்றைக்கு அறையில் நான் மட்டும்தான். அந்த ஒரு நாளைத் தள்ளுவதுதான் கஷ்டம்.

ஜூன் 14 மாலை ஐந்து மணிக்குப் பெரிய அரங்கில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். வானொலியிலும் வரும். அக்டோபரில் வாசித்த அதே 'பக்கங்கள்'தான், நீளம் கூட்டியிருக்கிறேன். நம் ஸ்டாண்டில் ஆறு வருடம் ஒட்டியிருந்த மைக்கில் பதிவான நீ பக்கம் திருப்பும் சத்தங்கள் வருடவாரியாக ஒலிக்கும், நடுநடுவே நான் வாசிப்பேன். இந்த வயதில் நான் சொந்தமாகச் செய்த ஒரே பொருள் அதுதான். நீ வர வேண்டும்.

அன்புடன்,
வெளி நாற்காலி


மார்ச் 19

அக்கா,

நான் குளிக்கவில்லை. அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். அவருக்குப் பொய் சொல்ல வராது, அதனால் இரண்டு தடவையும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார். உங்கள் குரலைக் கேட்டால் நான் அழுவேன், நீங்கள் சமாதானம் சொல்வீர்கள், விஷயம் அப்படியே மூடிப்போய்விடும். அதனால்தான் எடுக்கவில்லை.

போகிறேன் என்று நீங்கள் என்னிடம் சொன்னது எப்போது தெரியுமா? ராஜினாமாக் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்து, வயலினைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, "வர்றேன்டி" என்றீர்கள். டீ குடிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். பதினைந்து வருடக் கணக்கை நீங்கள் எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டாம்.

உங்கள் நாற்காலிக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். கல்லூரி முடித்த கையோடு வந்தவள். நல்ல பெண், என்னை "மேடம்" என்கிறாள். தாள் போய்விட்டது. ஒவ்வொரு ஸ்டாண்டிலும் திரை வைத்திருக்கிறார்கள். கீழே ஒரு கட்டை. அவள் காலால் தட்டினால் பக்கம் மாறுகிறது. சத்தமே வராது. இப்போது பக்கம் திருப்ப ஆள் வேண்டாம்.

ஜூன் பத்தாம் தேதி எல்லோரையும் ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கப்போகிறார்கள். பத்து வருடத்துக்கு ஒரு முறை வருகிற சோதனைதான். உங்களுக்கு இனி அந்தக் கவலை இல்லை.

'பக்கங்கள்' வாசிக்காதீர்கள். வானொலியில் வேண்டவே வேண்டாம். அது உங்கள் பொருள் இல்லை, என் கையின் சத்தம். காரணம் கேட்காதீர்கள். காரணம் தெரியாதது போல் எழுதியிருப்பது என்னை இன்னும் எரிய வைக்கிறது.

இன்னொன்று. அவசரக்காரி என்று என்னைக் கூப்பிடாதீர்கள். ஒருநாளும் அது எனக்குப் பிடித்ததில்லை.

இப்படிக்கு,
உள் நாற்காலி


மார்ச் 30

பெயர் சொல்லக் கூடாதவளுக்கு,

சரி, கூப்பிடவில்லை. இரண்டு வருடம் குழுவே உன்னை அப்படிக் கூப்பிட்டது. வரி முடிவதற்கு முன்பே உன் கை போய்ப் பக்கத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "பஸ்ஸைப் பிடிக்கப் போறியாடி?" என்று நான்தான் முதலில் கேட்டேன், சிரித்தாய். பிடிக்கவில்லையென்றால் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

உன் கையின் சத்தமா? அந்த மைக்கை நான் ஒளித்தா வைத்தேன்? ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு பொட்டு. என் தப்புகளை வீட்டில் போய்க் கேட்பதற்காக ஒட்டினேன். ஒத்திகையில் அது கழன்று விழுந்தபோது கைப்பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து மறுபடி ஒட்டியவள் யார்? நீதான். "உங்க தப்பெல்லாம் பத்திரமா இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஒட்டினாய்.

நான் தப்பைத் தேடித்தான் கேட்க ஆரம்பித்தேன். ஒரு நாள் என் வாசிப்பு அலுத்துவிட்டது. அப்போதுதான் நீ திருப்பும் சத்தம் காதில் விழுந்தது. வில் மடியில் இறங்கும் சத்தம், துணி உரசல், தாளின் மூலை நடுங்குவது, அப்புறம் ஒரு வீச்சு, உள்ளங்கையால் தாளைத் தடவிச் சமன் செய்வது. ஒன்று போல் இன்னொன்று இல்லை. யாரும் எழுதித் தராத இசை அதுதான் என்று தோன்றியது. மின்சாரம், பெட்டி, ஒயர் என்று நான் இறங்கியதெல்லாம் அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கிக் கேட்கத்தான். எங்கள் அண்ணன், "கையில வயலின் இருக்கு, நல்ல வேலை இருக்கு, உனக்கு எதுக்கு இந்த ஒயர் எல்லாம்?" என்று இன்னும் கேட்கிறார். உன்னால்தான் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

காரணம் சொல்லாமல் எடு என்றால் எடுக்க மாட்டேன். கோல்காரர்தான் காரணம் சொல்லாமல் கையை நீட்டுவார். நீயுமா?

வெளி நாற்காலி


ஏப்ரல் 11

நீ பதில் போடவில்லை. போட வேண்டாம், முதலில் இதைப் படி.

போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உனக்கு எரிச்சல் தருவது அந்தப் பதிவுகளில் என்ன இருக்கிறது என்று பார்க்க, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆறு வருடத்தையும் முதலிலிருந்து கேட்டேன். எட்டு நாள் ஆனது. இதுவரை நீ திருப்புகிற சத்தத்தை மட்டும்தான் வெட்டி எடுத்திருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் என்ன கேட்கிறது என்று கவனித்ததே இல்லை. காது படைத்த எருமை நான்.

முதல் வருடம், பக்கம் முடிய அரை வரி இருக்கும்போது உன் வில் மடிக்குப் போகிறது. திருப்பியதும் உடனே வயலினை எடுத்துவிடுகிறாய். இரண்டு வயலின் கேட்கிறது. உன்னுடையது என்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கிறது, அதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் வருடம் ஒரு வரி. நான்காம் வருடம் ஒன்றரை. கடைசி வருடம் மூன்று வரிக்கு முன்பே வில் இறங்கிவிடுகிறது. மூன்று வரியும் நீ மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். திருப்பிய பிறகும் தாளைத் தடவுகிறாய், தடவுகிறாய், எடுக்கவே மாட்டேன் என்கிறாய். அத்தனை நேரமும் கேட்பது என் வயலின் மட்டும்தான்.

அந்த வரிகளை எடுத்து நானே வாசித்துப் பார்த்தேன். எல்லாம் சுண்டுவிரலை நீட்ட வேண்டிய இடங்கள். ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை.

இன்னொன்றும் கேட்டது. அந்த இடங்களில் நான் வருடத்துக்கு வருடம் சத்தமாக வாசித்திருக்கிறேன். கோல்காரர் என்னைத் திட்டிய மூன்று நாளும் பதிவில் இருக்கின்றன. மூன்று நாளும் நீ மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் தெரிந்து செய்யவில்லை. பக்கத்தில் ஒரு இடம் காலியானால் கை தானாக அதை நிரப்பப் போகும் போல.

அக்டோபர் கச்சேரியில் இதையெல்லாம் வருடவாரியாக அடுக்கி, பெரிதாக்கி, முதல் வயலின்காரரை உன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உனக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அழகாக இருக்கிறது என்று மட்டும்தான் நினைத்தேன்.

எப்போதிலிருந்து? வலிக்கிறதா?

அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

உங்கள் கடிதத்தைக் கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடையில், பின்னால் இருக்கிற பட்டறையில் உட்கார்ந்து படித்தேன். "யார்கிட்டேர்ந்து?" என்று கேட்டார். "அக்காகிட்டேர்ந்து" என்றேன். "என்னவாம்?" என்றார். "சும்மா" என்றேன். அவருக்கு இன்னும் தெரியாது. மகளுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் மூன்று மருத்துவர்கள், இப்போது நீங்கள்.

வலி இல்லை. வலி இருந்தால் சொல்வதற்காவது ஒன்று இருக்கும். இடது கைச் சுண்டுவிரல். பொத்தான் போடும், பாத்திரம் தேய்க்கும், கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை அவரைவிட நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வயலினின் கழுத்தைப் பிடித்தால் மட்டும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். நீட்டச் சொன்னால் நீளாது. என் விரல், என் பேச்சைக் கேட்காது. மூன்றாவது மருத்துவர், "விரல்ல ஒண்ணும் இல்லம்மா, அதை நடத்துற இடத்துலதான் குழப்பம்" என்றார். குணமாகுமா என்று கேட்டேன். "வேற ஏதாவது வாசிக்கலாமே" என்றார். ஏழு வயதிலிருந்து வாசிக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் மூன்று விரலால் சமாளித்தேன். முடியாத இடங்களில் வில்லைத் தந்திமேல் படாமல் ஓட்டினேன். எண்பது பேரில் யார் பார்க்கப்போகிறார்கள்? பக்கம் திருப்புகிற இடம் வந்தால் எனக்குத் தீபாவளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்னால் கையை நீட்டினால் அந்த வரி தப்பித்தது. பிறகு இன்னும் கொஞ்சம். நீங்கள் அவசரக்காரி என்று பெயர் வைத்து எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். அந்தப் பெயர்தான் என்னைக் காப்பாற்றியது. ஒவ்வொரு முறையும் குத்தவும் குத்தியது.

கோல்காரர் உங்களைத் திட்டியபோது என்னால்தான் என்று எனக்குத் தெரியும். முதல் முறையே தெரியும். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. அப்போதும் தாளைத்தான் பார்த்தேன். நீங்கள் போன அன்று கழிவறையில் நின்று அழுதேன். உங்களுக்காக அழுதேன் என்று எழுத ஆசை. அது பொய். இனி எங்கே போய் ஒளிவது என்றுதான் அழுதேன். பதினைந்து வருடச் சிநேகிதி ஒருத்தி போகும்போது இப்படியும் ஒருத்தியால் அழ முடியும்.

இப்போது திரையும் கட்டையும் வந்துவிட்டன. ஜூன் 10ஆம் தேதி நான் தனியாக வாசிக்க வேண்டும். இரண்டு விரல் பயிற்சி, மூன்று விரல் பயிற்சி என்று ஏதேதோ செய்து பார்க்கிறேன். எப்படியாவது அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டிவிட்டால் போதும். அதைத் தாண்டினாலும், நாலு நாள் கழித்து வானொலியில் உங்கள் 'பக்கங்கள்' யார் காதிலாவது பட்டால் என் கதை முடிந்தது. அக்டோபரில் முதல் வயலின்காரர் அரைத் தூக்கத்தில் இருந்தார், காது கொடுத்துக் கேட்டால் நீங்கள் எட்டு நாளில் கண்டுபிடித்ததை எட்டு நிமிடத்தில் கண்டுபிடிப்பார்.

அழித்துவிடுங்கள் அக்கா. வெட்டியதை மட்டும் இல்லை, ஆறு வருடத்தையும். கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
உள் நாற்காலி


மே 7

கண்ணு,

அழித்துவிட்டேன்.

இருநூற்றுப் பதினொரு ஒத்திகைகள். கணினியில் இருந்தது, பெட்டியில் இருந்தது, ரேடியோக்காரியிடம் கொடுத்துவைத்திருந்த பிரதி, எல்லாம். அவள் ஏன் என்று கேட்டாள். "வீட்டு விஷயம்" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. தச்சர் மட்டும், "ஜூன்ல என்ன வாசிப்பீங்க?" என்றார். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. இரண்டு வருட வேலை அது. அதை எடுத்துவிட்டால் நான் சலவைக் கடை மாடியில் ஒயர்களோடு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான்.

அழிக்கும் முன் ஒரு தடவை கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் அழிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். கேட்காமலேயே அழுத்தினேன்.

நீ கழிவறையில் அழுததைப் பற்றி. யாருக்காக அழுதால் என்ன, அழுதாய் இல்லையா? எனக்கு அது போதும். நான் போகும்போது நின்று உன் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். டீ குடிக்கப் போகிறவள் போலப் போனவள் நான்தானே.

பத்தாம் தேதி நன்றாக வாசி.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கீழே ஒரு சத்தமும் இல்லை.

அக்கா


மே 8

அக்கா,

இதை வேகமாக எழுதுகிறேன், காலைத் தபாலில் சேர்க்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் கோல்காரரின் அறைக்குப் போனேன். முதல் வயலின்காரரும் இருந்தார். விரலைக் காட்டினேன். வயலினைப் பிடித்து, அது சுருள்வதைக் காட்டினேன். "நீங்க மூணு தடவை அக்காவைத் திட்டினீங்களே, அவங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து வாசிச்சிட்டு இருந்தாங்க. வாசிக்காதவ நான்" என்றேன். இதைத்தான் நான் அன்றைக்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கோல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணாடி எங்கள் கடையில் வாங்கியதுதான், அவ்வளவு அழுக்குப் பிடிக்காது.

ஜூன் பத்தாம் தேதிக்கு என் பெயர் இல்லை. இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. வீட்டில் சொன்னேன். அவர், "அப்போ குளிக்கிறான்னு இனிமே யார்கிட்டயும் சொல்ல வேணாம்ல?" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான்கு வருடமாகப் பக்கத்திலேயே இருந்த மனிதரிடம் ஒரு விரலை மறைத்திருக்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்தது. போன கடிதத்தில் எழுதியதை மறந்துவிடுங்கள். எதையும் அழிக்காதீர்கள். மகள் ஊரிலிருந்து வந்திருக்கிறாள். "அம்மா, நீ மட்டும் வாசிக்கிறது ஏதாவது இருக்கா? நான் கேட்டதே இல்லையே" என்றாள். தேடினேன் அக்கா. குழுவின் பதிவுகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் எண்பது பேர். என் வயலின் பிரித்துக் கேட்கிற ஒரே இடம் உங்கள் பொட்டு மைக்தான். முதல் இரண்டு வருடம் என் விரல் அதில் உயிரோடு இருக்கிறது. உங்களுடையதைவிடச் சுத்தமாக இருக்கிறது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

'பக்கங்கள்' வாசியுங்கள். வானொலியில் வரட்டும். முடிந்த பிறகு முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு பிரதி போட்டு அனுப்புங்கள்.

உங்கள்
உள் நாற்காலி


மே 16

கண்ணு,

உன் கடிதம் வந்தது. என்னுடையது அதற்குள் உனக்கு வந்திருக்கும். இரண்டும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

அழித்ததை மீட்டுத் தர முடியுமா என்று கடைக்காரர்கள் மூன்று பேரிடம் கணினியைக் கொண்டுபோனேன். மூன்று பேரும் கையை விரித்துவிட்டார்கள்.

உன் மகளிடம் என்ன சொன்னாய்?

ஜூன் 14, ஐந்து மணி. வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மேடையில் இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான் முடிவாகியிருக்கிறது.

அக்கா


ஜூன் 16

அக்கா,

உங்கள் இரண்டு கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. கோபமாக இருந்தது. அழிக்கச் சொன்னதும் நான், அழித்ததற்குக் கோபப்படுவதும் நான். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எனக்கு நானே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். அப்போதும் கோபம் போகவில்லை. மகளிடம், "அக்காகிட்ட இருந்துச்சு, இப்ப இல்ல" என்று மட்டும் சொன்னேன். அவள் ஊருக்குப் போய்விட்டாள். அவள் காதால் கேட்க என் வாசிப்பு ஒன்றும் இல்லை. இனியும் இருக்காது. அதை நான் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

நான் வந்திருந்தேன்.

கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். நீங்கள் பார்த்திருக்க முடியாது. மேடையில் தாள் வைத்த ஒரு ஸ்டாண்ட், இரண்டு நாற்காலி, உங்கள் காலடியில் அந்தப் பெட்டி. அரங்கில் முந்நூறு பேர் இருப்பார்கள். நீங்கள் வெளி நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். உள் நாற்காலி காலி.

முதலில் அந்த இயந்திர ரீங்காரத்தைக் கொண்டுவந்தீர்கள். ஒரு சுரம். ஐந்து நிமிடம் போனதும் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். பிறகு அது என் பல்லுக்குள் வந்துவிட்டது. அதற்குமேல் நீங்கள் வாசித்தது எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. தந்தியைக் கிழித்தீர்கள், தட்டினீர்கள், வில்லின் மரத்தால் தேய்த்தீர்கள். பெட்டி அதையெல்லாம் பிடித்துத் திருப்பிச் சொன்னது. இவ்வளவு சத்தத்தை வைத்துக்கொண்டா பதினைந்து வருடம் என் பக்கத்தில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தீர்கள்?

அப்புறம் நிறுத்தினீர்கள். உள் நாற்காலியைப் பார்த்தீர்கள். பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அரை வரி நேரம். மறுபடி வாசித்தீர்கள். தாளை யாரும் திருப்பவில்லை. மறுபடி நிறுத்தினீர்கள். அதுவும் அரை வரி. அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்தது ஒரு வரி, அதற்கடுத்தது ஒன்றரை என்று எண்ணினேன். ஆறு வருடமும் வரிசை தவறாமல் வந்தது. ஒரு பதிவும் கையில் இல்லாமல் என் நேரங்களை எல்லாம் வைத்திருக்கிறீர்கள். என் பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏனென்றால் என் கை நீண்டு, முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கடைசி நிறுத்தம் மூன்று வரி. முந்நூறு பேரும் இருமாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வரியும் நீங்கள் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தீர்கள். கோல்காரர் கோலை நீட்டியபோது என்னைப் பார்த்தீர்களே, அதே பார்வை. இந்த முறை நான் தாளைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்தேன். நீங்கள் வாசிக்க ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். நாற்காலி சத்தம் போடாமல் எழுந்தேன். உங்களைச் சந்தித்துப் பேசியிருக்கலாம். பேச முடிந்திருக்காது.

ரயிலில் வரும்போது ஒரு விஷயம் தோன்றியது. அந்த மருத்துவர், வேறு ஏதாவது வாசிக்கலாமே என்றாரே. அப்போது அவரை அறையத் தோன்றியது. பக்கம் திருப்புவதற்கு என் ஐந்து விரலும் ஒத்துழைக்கும்.

அடுத்த கச்சேரி எப்போது என்று எழுதுங்கள். உள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழையபடி உங்கள் முழங்கை என்னை இடிக்கும். தாள் கெட்டியாக இருக்க வேண்டும். நீங்கள் அன்றைக்கு வைத்திருந்தது மெல்லிசு, அதில் சத்தம் வராது. பொட்டு மைக் விழுந்தால் ஒட்டுவதற்குப் பிளாஸ்டர் என் கைப்பையில் இருக்கிறது.

உங்கள்
அவசரக்காரி